அம்மாவின் இடுப்பும் டாக்டரம்மாவின் ஊசியும்

மேலூர் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்த என் அம்மாவுக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. வயது 76. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தோம். குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. சர்ஜனைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் மயக்க டாக்டரைப் பற்றி எழுதுகிறேன்.

எமர்ஜென்சியில் எக்ஸ்ரே பலகைக்கு மாற்றும்போது அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. போர்வை நுனி பட்டாலே அலறினார். "ஆபரேஷன் நாளைக்குத்தான், சரி. அதுவரைக்கும் வலியோட எதுக்குக் கெடக்கணும்?" என்றபடி ஒரு டாக்டரம்மா வந்தார். ஸ்கேன் கருவியைத் தொடையிடுக்கில் வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே மரப்பு ஊசி போட்டார். ஃபேசியா இலியாக்கா பிளாக்காம். தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் மருந்தைப் பரப்பினால், அங்கே ஓடும் நரம்புகள் மரத்துவிடும். அரை மணி நேரம் கழித்து அம்மா கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டது: "ஏண்டி, அரச்ச மாவ எடுத்து ஃபிரிட்ஜுல வச்சியா?"

இந்த ஒரு ஊசிக்காகவே அவர்களுக்கு எத்தனை ஸ்டார் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அடுத்து என் தம்பியின் பஞ்சாயத்து. வயசானவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்தால் மூளை குழம்பிவிடும், முதுகில் ஊசிதான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டாக்டரம்மா கோபப்படவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 இடுப்பு முறிவு நோயாளிகளை வைத்து நடந்து, 2021இல் வெளியான 'ரீகெய்ன்' ஆய்வைப் பற்றிச் சொன்னார். பாதிப் பேருக்கு முதுகில் ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். 60 நாளில் இறந்தவர்களும் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து முதுகு ஊசிக் கூட்டத்தில் 18.5 சதவீதம், மற்றதில் 18.0. குழப்பம் வந்தவர்கள் 20.5, 19.7. நான் கணக்கு டீச்சர். தம்பி வாயை மூட இது போதும் என்று பட்டது. 65 வயது தாண்டியவர்களை வைத்துச் சீனாவில் நடந்த இன்னொரு ஆய்விலும் குழப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லையாம். "உங்கம்மாவுக்கு ரெண்டும் சரிப்படும். இருதயமும் நுரையீரலும் நல்லாருக்கு. முதுகுலயே போடுறேன், தம்பியும் நிம்மதியா இருக்கட்டும்" என்று சிரித்தார்.

இனி குறை. வெறும் தண்ணீர் ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்று அவரே என் எதிரில் சொல்லிவிட்டுப் போனார். வார்டிலோ இரவு பத்து மணிக்கே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினொரு மணி கேஸ் இரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. அதை எங்களிடம் சொல்லக்கூட ஆளில்லை. கேட்டால் "ரூல்ஸ்மா" என்று ஒரே பதில். உதடு வெடித்துக் கிடந்த அம்மாவுக்கு, பன்னிரண்டு மணி ரவுண்ட்ஸில் டாக்டரம்மா பார்த்துத் திட்டிய பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீர் கிடைத்தது. பதினான்கு மணி நேரம்! டாக்டர் படித்தது வார்டு வரைக்கும் இறங்கி வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி அம்மா நர்ஸைத் தன் செத்துப்போன அக்கா என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். முதுகு ஊசிதான் போட்டிருந்தார்கள். தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. நைட் ட்யூட்டி நர்ஸ், "பாட்டி கண்ணாடி எங்கக்கா?" என்று கேட்டார். என் கைப்பையில் இருந்தது. மாட்டிவிட்டு, லைட்டைப் போட்டு, மணி என்ன, இது எந்த ஊர் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். விடியும்போது தெளிந்துவிட்டது.

மறுநாள் மதியம் வாக்கரைப் பிடித்து நான்கு எட்டு வைத்தார். பில்லில் அந்த மரப்பு ஊசிக்கு 3,500 ரூபாய். காப்பீட்டுக்காரர்கள் அதை மட்டும் அடித்துவிட்டார்கள். நானே கட்டினேன்.