சாவி வாங்கும் முன் எல்லா ஜன்னலையும் திறந்து மூடிப் பாருங்கள்

புது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படிக்கு மேலே இருக்கிற பெரிய ஜன்னலை இன்றுவரை நாங்கள் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. அதன் தாழ்ப்பாள் 14 அடி உயரத்தில் இருக்கிறது, கீழே முழுக்கப் படிகள், ஏணியின் இரண்டு காலும் சமமாக நிற்க இடமே கிடையாது. வரைபடத்தைக் காட்டியபோது "வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும் சார்" என்றார் பில்டர். வருகிறதுதான். அந்த வெளிச்சத்தில் கண்ணாடியில் தெறித்துக் காய்ந்த சிமெண்டுத் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

சமையலறை ஜன்னல் இன்னொரு கூத்து. உள்பக்கம் திறக்கிற கதவு, அதற்கு நேர் முன்னால் தொட்டிக்கு மேலே வளைந்து நிற்கிற உயரமான குழாய். நான்கு விரல் அளவு திறந்ததும் குழாயில் இடித்து நின்றுவிடும். ஜன்னல் மாட்டியவர் ஒரு நாள் வந்தார், குழாய் மாட்டியவர் வேறொரு நாள் வந்தார், அவரவர் வேலையில் குறை சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆள்தான் அந்தப் பக்கமே வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படுக்கையறை ஜன்னலில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அது ஸ்லைடிங் ஜன்னல். முதல் பெருமழையிலேயே கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் நிரம்பி, உள்பக்கம் வழிந்து, கட்டில்வரை வந்துவிட்டது. போன் செய்தேன், ஒரு பையனை அனுப்பினார்கள், அவர் சட்டத்தைச் சுற்றிக் கண்ணில் பட்ட இடுக்கில் எல்லாம் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டுப் போனார். அடுத்த மழையில் முன்பைவிட அதிகமாக வந்தது! அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த மாதிரி ஜன்னலின் தண்டவாளத்தில் மழைநீர் சேரத்தான் செய்யும், அது வெளியே வடிவதற்காகவே சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். பூச்சுவேலையின்போது பாதி ஓட்டைகள் சிமெண்டால் அடைபட்டிருந்தன, மிச்சத்தை அந்தப் பையன் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டார். கம்பி விட்டுக் குத்தி எடுத்ததும் தண்ணீர் வெளியே போனது. ஆனால் தொல்லை அதோடு முடியவில்லை. ஜன்னல் படிக்கல்லில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் வாட்டம் உள்பக்கமாக இருக்கிறது. வெளியே சரிந்திருக்க வேண்டிய கல் அது. அதைச் சரிசெய்ய ஜன்னலையே கழற்ற வேண்டுமாம். அதனால் கீழே சுவரில் ஓதம் அப்படியே நிற்கிறது, பெயிண்ட் உரிந்துகொண்டே இருக்கிறது.

குளியலறையிலும் வாட்டம் தப்பு, தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டு வாசற்படிக்கு வருகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற விரிசலை "பூச்சு விரிசல்தான் சார்" என்று பட்டி பூசி மறைத்தார்கள், அதே கோட்டில் மறுபடி விட்டிருக்கிறது. மேற்பூச்சில் மட்டும் வந்த விரிசல் அப்படி ஒரே திசையில் நீளுமா என்று எனக்குச் சந்தேகம், கட்டடப் பொறியாளர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புகாரையும் போனிலேயே சொன்னேன். இப்போது "அப்படி எதுவும் நீங்கள் சொல்லவே இல்லையே" என்கிறார்கள். எழுதி அனுப்புங்கள், படம் எடுத்து வையுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜன்னலையும் நீங்களே திறந்து மூடுங்கள், வெளியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை வீசி அடித்துப் பாருங்கள், கைக்கு எட்டாத ஜன்னல் என்றால் இதன் வெளிக் கண்ணாடியை யார், எங்கே நின்று துடைப்பது என்று கேளுங்கள். நான் பணம் முழுவதையும் கொடுத்த பிறகுதான் கேட்டேன். வெளியே சாரம் கட்டித் துடைத்துக்கொள்ளலாம் என்றார் பில்டர். எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்.