'ஆர்டிஎக்ஸ் 3060' என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

கோவையில் கேமிங் பிசி அசெம்பிள் பண்ணக் கொடுக்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா வீடு கோபி பக்கம். பையன் இன்ஜினியரிங் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் கேட்டான், கேமும் ஆடணும் என்றான். மஞ்சள் விற்ற பணம் கையில் இருந்ததால் மச்சானும் சரி என்றுவிட்டார். என்னென்ன வாங்கணும் என்று லிஸ்ட் போட்டுக் கொடுத்தது நான். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிரைவ்), 650 வாட் ப்ரான்ஸ் தர எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை). இதைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஓகே சார், எல்லாமே ஸ்டாக் இருக்குங்க" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

மச்சான் கடைக்குப் போனபோது கையில் கொடுத்த எஸ்டிமேட் சீட்டில் இருந்தது வேறு. 'ரைசன் 5, ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ்.' ஒன்றுகூடப் பொய் இல்லை, ஆனால் எல்லாமே பாதிப் பெயர். திருப்பூரில் துணி வாங்குகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். துணியின் கனம் 180 ஜிஎஸ்எம் என்று பேசிவிட்டு, பில்லில் வெறும் 'சிங்கிள் ஜெர்சி' என்று துணி வகையை மட்டும் எழுதி 160-ஐ அனுப்புகிற அதே கைவரிசைதான். மச்சான் மஞ்சளில் விரலியா கிழங்கா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், ரைசன் 5-லேயே 5600-க்கும் 5500-க்கும் என்ன வித்தியாசம் என்று அவர் ஏன் தெரிந்து வைத்திருக்கணும்?

வந்து இறங்கிய பெட்டி பார்க்க ஜோராக இருந்தது. முன்னால் கண்ணாடி, உள்ளே ஏழு வண்ணத்தில் சுற்றும் ஃபேன்கள். அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. கேம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் திக்கித் திக்கி ஓடும், பெரிய சண்டைக் காட்சி வந்தால் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிவிடும். கடைக்குப் போன் போட்டால், "உங்க ஊர்ல கரண்டு சரியில்லீங்ணா, ஆளாளுக்கு மோட்டார் போடுவாங்க, ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க" என்றார்கள். இது கேட்க நியாயமாகவே இருந்தது, அதனால்தான் மச்சான் நம்பினார். நான் பெட்டியைத் திருப்பூருக்கு எடுத்துவந்து என் வீட்டில் போட்டுப் பார்த்தேன். இங்கேயும் அதே ரீஸ்டார்ட்.

சைடு மூடியின் திருகு மேல் 'திறந்தால் வாரண்டி இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதனால் முதலில் சாஃப்ட்வேரில் பார்த்தேன். ஜிபியு-இசட், கிராபிக்ஸ் கார்டின் விவரத்தைக் காட்டும், காசில்லாமல் கிடைக்கும் சின்ன புரோகிராம். அதில் மெமரி சைஸ் 8192 எம்பி, பஸ் விட்த் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) 128 பிட் என்று காட்டியது. 12 ஜிபி கார்டாக இருந்தால் 12288, 192 என்று வரணும். 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு உண்டு. கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் 3584-தான், ஆனால் மெமரி வேகம் ஒன்றில் நொடிக்கு 360 ஜிபி, இன்னொன்றில் 240. லிஸ்டில் நான் 12 ஜிபி என்று எழுதியதே இதற்காகத்தான்.

பிராசசர், ரேம் விவரம் காட்டும் சிபியு-இசட் திறந்தால் ரைசன் 5 5500. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 5600-ல் 32 எம்பி, 5500-ல் 16 எம்பி. கேமில் இந்தக் கேஷ்தான் பேசும். போதாததற்கு 5500-ல் கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதை பழைய 3.0 மட்டும்தான். ரேம் இரண்டுக்குப் பதிலாக 16 ஜிபி ஒற்றைக் குச்சி, அதாவது இரண்டு குச்சியும் சேர்ந்து வேகம் கொடுக்கும் டூயல் சேனல் கிடையாது. அதையும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போடாமல் 2400 வேகத்தில் விட்டிருந்தார்கள். இந்த எக்ஸ்எம்பி பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) ஒரு நிமிட வேலை. அதற்குக்கூடச் சோம்பல்.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது எஸ்எஸ்டி-யைப் பார்த்துத்தான். டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் 'பவர் ஆன் ஹவர்ஸ்', அதாவது இதுவரை ஓடிய மணி நேரம் என்ற இடத்தில் 6,000-க்கு மேல் காட்டியது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கம்ப்யூட்டர் அது. மாதம் முழுக்க ராப்பகலாக அணைக்காமல் ஓட்டினாலே 720 மணி நேரம்தான் வரும். யாரோ ஓட்டித் தேய்த்ததைப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். விண்டோஸுக்கு என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள், திரையின் வலது மூலையிலோ 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற எழுத்து.

கடைசியில் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துவிட்டு மூடியைத் திறந்தேன். எஸ்எம்பிஎஸ் மேல் 650 வாட் என்று பெரிய எழுத்தில். அதே லேபிளின் கட்டத்தில், பொடி எழுத்தில், +12 வோல்ட்டுக்கு நேராக 24 ஆம்பியர். 12-ஐ 24-ஆல் பெருக்கினால் 288 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் கரண்டு எடுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ்-ல் இந்த இடத்தில் 54 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். 3060 மட்டுமே 170 வாட் கேட்கும், பிராசசர் 65. போதாக்குறைக்குக் கார்டு கண நேரத்துக்குத் திடீரென்று எகிறி இழுக்கும். 288 என்று எழுதியிருப்பதையே முழுதாகத் தருமா என்று சந்தேகப்பட வேண்டிய சரக்கு அது, அப்புறம் ரீஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும்? ஊர்க் கரண்டு மேல் பழி போட்டவர்கள் இன்னொன்றையும் சொல்லவில்லை. அந்த லேபிளில் இன்புட் 200–240 வோல்ட் என்று இருந்தது. ஓரளவு நல்ல எஸ்எம்பிஎஸ்களில் 100–240 என்று இருக்கும், வோல்டேஜ் இறங்கினாலும் தாங்கும். மோட்டார் ஓடும் ஊருக்கு விற்கிறோம் என்று தெரிந்தேதான் இதைப் போட்டிருக்கிறார்கள்.

பெட்டியோடு கடைக்குப் போனோம். ஓனர் கோபப்படவே இல்லை, டீ சொன்னார். "3060 கேட்டீங்க, 3060-தானுங்க குடுத்திருக்கோம். 5500-ம் ரைசன் 5 தானுங்களே." வாட்ஸ்அப்பைக் காட்டினேன். "அது கடைப் பையன் அனுப்புனதுங்க, எஸ்டிமேட்ல இருக்கறதுதான் கணக்கு" என்றார். கார்டு பாக்ஸைக் கேட்டால், "வாரண்டிக்கு வேணும்னு நாங்களே வெச்சிருக்கோம்ங்க" என்றார். அதை எடுத்துக் காட்டவும் இல்லை. பாக்ஸில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துவிடுவோம் என்ற பயம்தான் என்று நினைக்கிறேன்.

பில் கதை தனி. வாங்கும்போது மச்சான் பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் சேருமுங்க, எதுக்கு வீணா" என்றிருக்கிறார்கள். பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். பில் இல்லாமல் போனால் வாரண்டிக்குப் பல கம்பெனிகளிடம் நேராகப் போய் நிற்க முடியாது, கடைக்காரர் காலைத்தான் பிடிக்கணும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. எங்களிடம் இருந்த எஸ்டிமேட், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் மூன்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடணும். கடை கோவையில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது புதுச் சட்டத்தில் நல்ல விஷயம். மச்சானுக்கு ஈரோடு போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, மாடல் நம்பர் முழுசாக இல்லாத வரிக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு என்றால் 6 ஜிபியா 8 ஜிபியா என்று எழுதச் சொல்லுங்கள், அதிலும் 6 ஜிபி கார்டில் கோரே குறைவு. ஜிடி 1030 கார்டு என்றால் அதன் மெமரி ஜிடிடிஆர்5-ஆ டிடிஆர்4-ஆ என்று கேளுங்கள், டிடிஆர்4 என்றால் மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிடும். 'ஐ7 கேமிங் பிசி' என்று அடிமாட்டு விலைக்கு விளம்பரம் வந்தால் எத்தனையாவது ஜெனரேஷன் என்று கேளுங்கள். ஐ7-3770 வந்தது 2012-ல், விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்பதே இல்லை. எஸ்எம்பிஎஸ்-க்கு வாட்டைப் பார்க்காதீர்கள், லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிற கடையில் பேச்சை வளர்க்க வேண்டாம். அசெம்பிள் பண்ணும்போது கூடவே உட்காருங்கள், பாக்ஸை எல்லாம் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அட்டைப் பெட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போதைய நிலவரம்: புகார் போன பிறகு எஸ்எஸ்டி-யை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், அதில் மணிக்கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம். எஸ்எம்பிஎஸ்-ஐ வேறு கடையில் ஜிஎஸ்டி பில்லோடு புதிதாக வாங்கிப் போட்டதும் ரீஸ்டார்ட் நின்றுவிட்டது. கார்டுக்கும் பிராசசருக்கும் உள்ள வித்தியாசத் தொகையைத் தர மாட்டேன் என்கிறார்கள், அது ஆணையத்துக்குப் போகும். உங்களிடமும் இப்படி எஸ்டிமேட் சீட்டு இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் பேப்பர், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும்.