மறுவிற்பனைத் தளத்தில் கான்சர்ட் டிக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அதிகாரப்பூர்வத் தளத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று வந்ததும் எல்லோரும் செய்வது கூகுளில் தேடுவதுதான். தேடினால் முதலில் வந்து நிற்பவை மறுவிற்பனைத் தளங்கள். பார்த்தால் நிகழ்ச்சி நடத்துபவர்களின் சொந்தத் தளம் போலவே இருக்கும். '100 சதவீத உத்தரவாதம்' என்று பச்சை நிறத்தில் ஒரு முத்திரை. அதன் கீழே, 'இப்போது 38 பேர் இந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி. அப்படி ஒரு தளத்தில் மூன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு அம்மாவையும் தங்கச்சியையும் சென்னையில் ஒரு கான்சர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். மூன்று பேரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

தளத்தின் பெயரை எழுதவில்லை. விஷயம் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயர் தெரிந்து பெரிய பயனும் இல்லை, ஏனென்றால் இதே வேலையை இதே முறையில் செய்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் பணக் கணக்கு. ஒரு டிக்கெட் 4,200 ரூபாய் என்று காட்டினார்கள். பெயர், ஃபோன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனபோது சேவைக் கட்டணம், கையாளும் கட்டணம், டெலிவரி கட்டணம் என்று வரிசையாக ஏறி, மொத்தம் 16,380 ஆகிவிட்டது. அதாவது 12,600 ரூபாய் டிக்கெட்டுக்கு மேலே 3,780 ரூபாய் கட்டணம். மின்னஞ்சலில் வருகிற ஒரு பிடிஎஃப்புக்கு டெலிவரி கட்டணம் எதற்கு என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. பிடிஎஃப் நிகழ்ச்சி நாளன்று மத்தியானம்தான் வந்தது. டிக்கெட்டில் அச்சாகியிருந்த விலை 1,500 ரூபாய். வாங்கும்போது அந்த அச்சு விலையை எந்தப் பக்கத்திலும் காட்டவே இல்லை.

வாசலில் ஸ்கேனர் வைத்திருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். முதல் க்யூஆர் கோடைக் காட்டியதும் கருவி கத்தியது, திரை சிவப்பாகிவிட்டது. மற்ற இரண்டுக்கும் அதேதான். ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டது என்ற வாசகத்தையும், அதன் கீழே இருந்த 5.12 என்ற நேரத்தையும் என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாங்கள் வாசலுக்கு வந்தது ஆறரை மணிக்கு. "சார், இந்த டிக்கெட்ல ஆள் உள்ள போயாச்சு சார். ஓரமா வாங்க, பின்னாடி கியூ நிக்குது." அம்மா அவரிடம், "பணம் கட்டித்தானேப்பா வாங்கியிருக்கோம், ரசீது இருக்கே" என்று ஃபோனை நீட்டினார். அவரால் என்ன செய்ய முடியும், அவர் கையில் இருப்பது அந்தக் கருவி மட்டும்தான்.

ஓரமாகப் போய் நின்றால் அங்கே எங்களைப் போல ஏற்கெனவே ஒரு சின்னக் கூட்டம். வேலூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி என் ஃபோனை எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். அதே புக்கிங் எண், அதே வரிசை, அதே இருக்கை. அவரும் அதே தளத்தில்தான் வாங்கியிருந்தார், எங்களைவிடக் கூடுதல் விலைக்கு. இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. க்யூஆர் கோடுக்குள் இருப்பது ஓர் எண். ஸ்கேன் செய்தால், அந்த எண்ணில் ஆள் உள்ளே போய்விட்டாரா என்று கருவி பார்க்கிறது, அவ்வளவுதான். அதே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்தும் அசல் மாதிரியே இருக்கும். முதலில் வந்தவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள். பிடிஎஃப்பையோ ஸ்கிரீன்ஷாட்டையோ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அதை இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று வாங்குகிறவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

அன்றே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பதில் இரண்டு வரிதான். நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் தளம் மட்டுமே. பணம் திரும்ப வேண்டுமென்றால், உங்களை உள்ளே விடவில்லை என்று நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் அவர்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஏனென்றால் வாசலில் இருந்த ஹெல்ப் டெஸ்க்கில் நான் அதைத்தான் முதலில் கேட்டேன். "வேற இடத்துல வாங்கின டிக்கெட்டுக்கு நாங்க பொறுப்பில்ல சார், எழுதியெல்லாம் தர முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். யாராலும் வாங்க முடியாத ஒரு காகிதத்தை நிபந்தனையாக வைத்துவிட்டு, அதற்கு உத்தரவாதம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

எங்களைக் காப்பாற்றியது தங்கச்சி. அந்தப் பையனிடம் தன்மையாகப் பேசி மறுபடி ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லி, கோடு, சிவப்புத் திரை, நேரம், பின்னால் தெரிந்த நுழைவாயில் எண் எல்லாம் ஒரே காட்சியில் வருகிற மாதிரி வீடியோ எடுத்துவிட்டார். உங்களுக்கு இப்படி நடந்தால் வாசலை விட்டு நகர்வதற்கு முன்பே அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து எதை எழுதினாலும் அதற்கு அந்த மதிப்பு வராது.

இனி சட்டம். 'நாங்கள் இடைத்தரகர் மட்டும்' என்ற பதிலைக் கேட்டதும் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், தளங்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020இல் மின் வணிகத்துக்கென்று தனி விதிகள் வந்தன. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் சந்தைத் தளங்களும் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. தளம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தாலும், இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தால் விதி பொருந்தும். குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கியவர் எழுத்துமூலம் கேட்டால், தகராறைத் தீர்த்துக்கொள்வதற்குத் தேவையான விற்பனையாளர் விவரத்தைத் தளம் கொடுத்தாக வேண்டும். எனக்கு விற்றவர் யார் என்று கேட்டபோது, 'தனியுரிமைக் காரணங்களால் விற்பவர் பெயரைச் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தார்கள். அங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். தனிப்பட்ட ஓர் ஆள், வர முடியாமல் போனதால் தன் டிக்கெட்டை ஒருமுறை விற்கிறார் என்றால் அவர்மேல் இந்த மின் வணிக விதிகள் பாயாது. தொழிலாக, தொடர்ச்சியாக விற்பவருக்குத்தான். டெலிகிராம் குழுவிலோ இன்ஸ்டாகிராமிலோ முகம் தெரியாத ஒருவருக்கு யுபிஐயில் பணம் அனுப்பி ஏமாந்தால் பிடித்துக் கேட்க ஒரு தளம்கூட இருக்காது. அது நேரே மோசடிப் புகார்தான். தெரிந்த அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது, நேரம் போகப் போக அது குறையும்.

பொய்யான உத்தரவாதம் கொடுப்பதைத் தவறான விளம்பரம் என்றே 2019 சட்டம் வரையறுக்கிறது. அந்தப் பச்சை முத்திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் அதையும் புகாரில் சேர்த்தேன். விலை ஏறிய விதமும் அப்படித்தான். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குபவரைத் தந்திரமாகத் திசைதிருப்பும் 13 வகை வடிவமைப்புகளைத் தடுத்து வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆரம்பத்தில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் கட்டணங்களைக் கொட்டுவது அதில் ஒன்று. 'இன்னும் இரண்டே டிக்கெட்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது இன்னொன்று. அதனால் விலை முதலில் தெரியும் பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் தனித்தனியாகப் படம்பிடித்து வையுங்கள். பின்னால் அவர்கள் பக்கத்தையே மாற்றிவிடலாம்.

டிக்கெட்டை அச்சு விலைக்கு மேல் விற்பதையே தடுக்கும் தனிச் சட்டம் இந்தியா முழுமைக்கும் கிடையாது. இது எனக்குப் பெரிய வருத்தம். அயர்லாந்தில் 2021இல் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆயிரம் பேர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் அரங்குகளின் நிகழ்ச்சிகளுக்கு அச்சு விலைக்கு மேல் மறுவிற்பனை கூடாது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுவிற்பனைத் தளங்கள் இருக்கை விவரத்தையும் அச்சு விலையையும் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். அந்த ஒரு விதி இங்கே இருந்திருந்தால், 1,500 ரூபாய் டிக்கெட் என்பது பணம் கட்டும் முன்பே எனக்குத் தெரிந்திருக்கும். கோல்ட்ப்ளே குழுவின் நவி மும்பை நிகழ்ச்சிகளுக்கு 2024 செப்டம்பரில் டிக்கெட் விற்பனை தொடங்கியதும் மறுவிற்பனைத் தளங்களில் விலை லட்சங்களைத் தொட்டது நினைவிருக்கும். அதை ஒட்டிப் போடப்பட்ட பொதுநல வழக்கை, இது சட்டமியற்றுபவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லி 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இங்கே சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால் பிளாக்கில் டிக்கெட் விற்றவர்கள் கைது என்று செய்தி வருகிறது. தெருவில் நின்று நாலு டிக்கெட் விற்பவரைப் பிடிக்க முடிகிறது. அதையே ஆயிரக்கணக்கில் இணையத்தில் விற்றால் தொழில்முனைவு என்றாகிவிடுகிறது. இது நியாயமே இல்லை.

பலர் யோசிக்காத இன்னொரு ஆபத்தும் உண்டு. நிகழ்ச்சி ரத்தானாலோ குளறுபடி நடந்தாலோ பணம் யாருக்குத் திரும்பும்? 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில் கூட்டம் நிரம்பி வழிந்து, டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார், பணம் திருப்பித் தரப்பட்டது. பொதுவாக ஒரு நிகழ்ச்சி ரத்தானால், முதலில் வாங்கியவரின் கார்டுக்கோ கணக்குக்கோதான் பணம் திரும்பும். நடுவில் மும்மடங்கு கொடுத்து வாங்கியவர் பெயரே நடத்துபவர்களின் பட்டியலில் இருக்காது. போதாக்குறைக்கு, மறுவிற்பனை செய்த டிக்கெட் செல்லாது என்று பல டிக்கெட்டுகளிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. க்யூஆர் அசலாகவே இருந்தாலும் வாசலில் மறுக்கலாம்.

அப்படியானால் வேறொருவர் டிக்கெட்டை வாங்கவே கூடாதா? அதிகாரப்பூர்வச் செயலியிலேயே பெயர் மாற்றிக்கொடுக்கும் வசதி இருந்தால் வாங்கலாம். அப்படி மாற்றும்போது பழைய கோடு செத்துவிடும், புதுக் கோடு உங்கள் செயலியில் வரும். அது இல்லாமல் வெறும் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வருகிற எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் அன்றே வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை மறுத்துத் தகராறு பதிவு செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன். தமிழிலேயே பேசலாம். குறைதீர் அதிகாரிக்கு, 2020 விதிகளைக் குறிப்பிட்டு, வீடியோவையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைத்து ஒரு கடிதம். வாடிக்கையாளர் சேவை அரட்டையில் கெஞ்சிக்கொண்டிருந்தவரை ஒன்றும் நகரவில்லை. இந்தக் கடிதம் போன பிறகுதான் 'நல்லெண்ண அடிப்படையில்' என்று சொல்லி 12,600 ரூபாயைத் திருப்பினார்கள். 3,780 ரூபாய் கட்டணம் திரும்பாதாம், சேவை முடிந்துவிட்டதாம். என்ன சேவை என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த 3,780க்கும், அன்று அம்மாவைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்ததற்கான இழப்பீட்டுக்கும்தான் இப்போது மனு. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், தளத்தின் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்தேன். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும், அது மட்டும் முக்கியம்.

வேலூர் தம்பியும் தன் பங்குக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறார். ஒரே குறை பலருக்கு இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்காகவும் சேர்த்து மனு போட சட்டத்தின் 35ஆவது பிரிவில் வழி இருக்கிறது. போதுமான பேர் சேர்ந்தால் அதைக் கேட்கலாம் என்று இருக்கிறோம். இதே மாதிரி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த பிடிஎஃப்பையும் பணம் கட்டிய குறுஞ்செய்தியையும் அழித்துவிடாதீர்கள், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.