மலையில் கணினிக்கு எந்த எஸ்.எம்.பி.எஸ்.?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கணினி அசெம்பிள் செய்பவர், கேபினெட்டுடனேயே வரும் ‘450 வாட்’ எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை), தனியாக வாங்கும் 550 வாட் பிரான்ஸ் (Bronze), 750 வாட் கோல்ட் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பிரான்ஸ், கோல்ட் என்பவை மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதைக் காட்டும் தர முத்திரைகள். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவதும், லோ வோல்டேஜும் பழகிப்போன மலையில், விலையையும் வாட்டையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பது போதாது.

கேபினெட்டுடன் வருவதன் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை முதலில் படிக்க வேண்டும். அங்கே 16 என்று இருந்தால், ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 192 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பில் போடவும் பாடம் படிக்கவும் அது போதும். ஆனால் இவற்றில் சிலவற்றின் பின்புறம் 115/230 என்ற சிறிய ஸ்விட்ச் இருக்கும். வோல்டேஜ் குறைகிறது என்பதற்காக அதை 115-க்குத் தள்ளவே கூடாது. அந்த நிலையில் உள்ளிருக்கும் சுற்று வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்குகிறது. சப்ளை மீண்டும் 230-க்கு ஏறினால், 200 வோல்ட் தாங்கும் இரண்டு கபாசிட்டர்களின் மீது மொத்தம் 600 வோல்ட்டுக்கு மேல் விழுந்து அவை வெடித்துவிடக்கூடும்.

என் தேர்வு 550 வாட் பிரான்ஸ். அதிகபட்சம் 117 வாட் எடுக்கும் ஐ5-12400எஃப் ப்ராசஸர், 170 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு, மதர்போர்டு, ஃபேன், எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தாலும் 350 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆனால் பிரான்ஸ் முத்திரையை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது. ஒரே முத்திரை கொண்ட இரண்டு பெட்டிகளில் ஒன்றின் இன்புட் 100–240 வோல்ட் என்றும், மற்றதன் இன்புட் 200–240 என்றும் அச்சாகியிருக்கலாம். வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும்போது முன்னது தடையின்றி இயங்கும், பின்னதற்கு எந்த உறுதியும் கிடையாது. சில நூறு ரூபாய் கூடினாலும் முன்னதையே கேட்டு வாங்க வேண்டும்.

கோல்ட் தரமானதுதான். அரைச் சுமையில் 115 வோல்ட் சோதனைக்கான குறைந்தபட்சச் செயல்திறன் பிரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90. 275 வாட் சுமையில் தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால், ஆண்டுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 26 யூனிட். இதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது வீண். 285 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4070 டி.ஐ. போன்ற கார்டு வைப்பவருக்கே 750 பொருந்தும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவுதான் என்றாலும், குளிர் அதை ஈடுகட்டுவதால், வெப்பத்துக்கு அஞ்சிப் பெரிய வாட் வாங்கத் தேவையில்லை.

மிஞ்சும் பணத்தை, கரன்ட் போனால் பேட்டரியில் கணினியைத் தாங்கும் யு.பி.எஸ்.ஸில் போடுவதே நல்லது. 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 360 வாட்டுக்குள் அடங்கிவிடும். விளையாட்டுக்கு ஓடும் கணினிக்கு 1000 வி.ஏ. வேண்டும். பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்க உதவும் சுற்று) உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் சில, சதுர அலை யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடுகின்றன என்பதால், மின்வாரிய மின்சாரம் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் வகையையே கேட்டு வாங்குங்கள்.