டயர் மட்டும் போதுமா, அவுட்போர்டு மோட்டாரும் வேணுமா?

தரையிலும் தண்ணீரிலும் ஓடுகிற, ஆர்கோ மாதிரி எட்டு டயர் வண்டி தண்ணீரில் மிதக்கும், சரி. ஆனால் தாமிரபரணியில் டயர் சுழற்சியை மட்டும் நம்பி இறங்குவதா, படகுக்கு மாட்டுகிற மாதிரி, விசிறி வைத்த சின்ன அவுட்போர்டு மோட்டாரையும் பின்னால் மாட்டிக்கொள்வதா?

டயர் மட்டும் என்றால் தண்ணீரில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான். திருவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே தேங்கி நிற்கிற நீருக்கு அது தாராளம். அமலைச்செடி சுற்றிக்கொள்ள விசிறியும் கிடையாது. கோடையில் சேரன்மகாதேவிப் பக்கம் மணலும் முழங்கால் தண்ணீரும் மாறி மாறி வரும்போது மோட்டார் வெறும் சுமைதான்.

ஆனால் ஆற்றின் இழுப்பு ஆள் நடக்கிற வேகத்தைத் தொட்டுவிட்டால், டயர் எவ்வளவு சுற்றினாலும் எதிர்த்து ஏறாது, வண்டி பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டே போகும், கீழே தடுப்பணை இருந்தால் பெரிய ஆபத்து. அங்கே மோட்டார் கைகொடுக்கும். அதிலும் சிக்கல் உண்டு: விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி ஏற்கெனவே கொஞ்சம்தான், மோட்டார் எடையில் பின்பக்கம் இன்னும் தாழும், அதனால் பின்னால் ஆளையும் சாமானையும் குறைக்கணும். பாபநாசம் பாறைகளில் விசிறி தட்டினால் உடையும்.

என் ஓட்டு, தேங்கிய நீருக்கு டயர், ஓட்டம் உள்ள ஆழத்துக்கு மோட்டார். 2023 டிசம்பர் மாதிரி வெள்ளத்தில் இரண்டுமே வேண்டாம், தயவுசெய்து.

எதுவானாலும் அடியில் உள்ள வடிகால் மூடியை இறுக்குங்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தண்ணீருக்குள் சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். கரையேறும் இடத்தை முதலிலேயே பாருங்கள், அது இறங்கும் இடத்துக்குக் கீழே, ஓட்டத்தின் போக்கிலேயே இருக்கணும்.