நடு உறுப்பைப் பிரிக்கும் முறை: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்த நானும் பல வழிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன், இப்போது மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் விடாமல் வைத்திருப்பது நடு உறுப்பைப் பிரிக்கும் முறையைத்தான். கட்டம் போட்டு எழுதுவதும் இதே கணக்குதான், எழுதும் விதம் மட்டும் வேறு.

x² + 5x + 6 என்றால் 2, 3 என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். x²-க்கு முன்னால் கெழு வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. 6x² + 7x − 20 எடுத்துக்கொள்ளுங்கள். ஊகித்துப் போட்டுப் பார்ப்பது என்றால் 6-க்கு இரண்டு ஜோடி, 20-க்கு மூன்று ஜோடி, அதில் எது எங்கே, எந்தக் குறி எதற்கு என்று பக்கம் நிறைந்து, புதிதாகக் கற்பவருக்கு அங்கேயே அலுத்துவிடும். இந்த முறையில் 6-ஐயும் −20-ஐயும் பெருக்கினால் −120, கூட்டினால் 7 வர வேண்டும், ஆக 15, −8. நடு உறுப்பை 15x − 8x என்று எழுதி இரண்டிரண்டாகச் சேர்த்தால் 3x(2x + 5) − 4(2x + 5), அதாவது (2x + 5)(3x − 4). இரண்டு அடைப்புக்குள்ளும் ஒரே கோவை வந்தாலே பாதிச் சரிபார்ப்பு முடிந்தது, எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். −4-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே குறி மாறும், அந்த இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும்.

குறை என்றால் ஜோடி தேடுவது. எண் பெரிதானால் நேரம் பிடிக்கும். நான் செய்வது இது: கூட்டுத்தொகையில் பாதி 3.5, அதன் வர்க்கம் 12.25, அதிலிருந்து −120-ஐக் கழித்தால் 132.25, வர்க்கமூலம் 11.5. அந்த 11.5-ஐ 3.5-உடன் கூட்டினால் 15, 3.5-இலிருந்து கழித்தால் −8. தேடலே இல்லை! பழைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இந்தப் பாதி எடுக்கும் வழி இருக்கிறது.

அப்புறம், தேடுவதற்கு முன்பே தன்மைகாட்டியை, அதாவது ax² + bx + c-இல் b² − 4ac-ஐ, பார்த்துவிடுங்கள். இங்கே 49 + 480 = 529, அது 23-இன் வர்க்கம், அதனால் காரணி உண்டு. x² + 5x + 3-க்கு 13 வருகிறது, முழு வர்க்கம் இல்லை, முழு எண்களில் காரணி கிடைக்காது. சூத்திரப் பாடம் வரும்வரை இதைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை, கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் பலர் இந்தப் பாடத்தையே வெறுக்கிறார்கள்.

பொதுக் காரணி இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். 12x² + 14x − 40-இல் 2-ஐ எடுத்தால் மேலே போட்ட கணக்கேதான். விடை வந்ததும் x-க்கு 1 போட்டுப் பாருங்கள்: கோவையில் 6 + 7 − 20 = −7, காரணிகளில் 7 × (−1) = −7. இரண்டும் வேறாக வந்தால் எங்கோ குறி தவறியிருக்கிறது.