ஏற்காட்டில் மரத் தளம் போடுகிறவர்கள், கைப்பிடி வேலைக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நாகலூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சரிவைப் பார்த்தபடி 16க்கு 12 அடியில் ஒரு மரத் தளம் போட்டோம். சரிவுப் பக்கம் தரையிலிருந்து 5 அடி உயரம். சாயங்காலம் பனி இறங்கும்போது அங்கே உட்கார வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவருக்கு 71 வயது.

பலகை போடும்போது லீவு எடுத்துக்கொண்டு கூடவே நின்றேன். அந்த வேலை இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏமாந்தது அதற்கு அப்புறம். கைப்பிடியும், தளத்துக்கு அடியில் திறந்து கிடந்த இடத்தைச் சுற்றி மூடும் ஸ்கர்ட்டிங்கும் மட்டும் பாக்கி. "இனிமே ஃபினிஷிங்தான் சார், நீங்க சேலத்துக்குக் கிளம்புங்க, முடிச்சிட்டு போட்டோ அனுப்பறேன்" என்றார் காண்ட்ராக்டர். போட்டோ வந்தது. தேக்கு நிறத்தில் பளபளவென்று இருந்தது. மீதி 85,000 ரூபாயை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள், அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைப்பிடியைத் தாங்கும் மூலைக்கால் அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்ததால் அவர் தோளைப் பிடித்துவிட்டேன். இல்லையென்றால்? நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அந்த மரக்காலைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் ஓரச் சட்டத்தோடு இரண்டு 12 மி.மீ. கால்வனைஸ்டு போல்ட் போட்டு முடுக்குவதாகக் கொட்டேஷனில் இருந்தது. உண்மையில் இருந்தது, சாய்த்து அடித்த நாலு இரும்பு ஆணி. அதிலும் துரு. கைப்பிடியில் ஆள் சாய்ந்தால் அந்த மூன்றரை அடிக் கால் கடப்பாரை மாதிரி அடியை நெம்பும். ஆணி மெல்ல மெல்லக் கழன்று வந்துவிடும். சட்டத்தைத் துளைத்துப் போய் வாஷரும் நட்டும் பிடித்தால்தான் கால் நிற்கும்.

மரமும் தேக்கு இல்லை. உப்புத்தாளால் தேய்த்ததும் ஸ்டெயினுக்கு அடியில் வெளிர் சிவப்பு மரம், அதில் மீன் செதில் போல மினுக்கும் திட்டுகள். பக்கத்துக் காபித் தோட்டத்துப் பெரியவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "இது சில்வர் ஓக்குங்க தம்பி. எங்க தோட்டத்துல மிளகுக்கொடி ஏத்தி விடறமே, அந்த மரம்." வீட்டுக்குள் பலகைக்கு அது ஆகும். மருந்து ஏற்றாமல் மலை மழையில் நிறுத்தினால் சீக்கிரம் உளுத்துப்போகும். கைப்பிடிக்குக் கீழே நிற்கும் குச்சிகளுக்கு நடுவே 6 அங்குல இடைவெளி வேறு. 4 அங்குலத்தைத் தாண்டினால் குழந்தையின் தலை நுழையும். அக்கா பையனுக்கு இரண்டு வயது.

ஸ்கர்ட்டிங் இன்னும் மோசம். ரீப்பரை, அதாவது மெல்லிய மரச் சட்டங்களை, அரை அங்குலம் விட்டு விட்டு அடித்து, மண்ணுக்கு மேல் 2 அங்குலம் தூக்கி நிறுத்தச் சொல்லியிருந்தேன். அவர் சாதாரண பிளைவுட்டை மண்ணைத் தொட இறக்கி, சுற்றிலும் அடைத்துவிட்டார். காற்றே போகவில்லை. பிளைவுட் உப்பிப் பிரிந்துவிட்டது. உள்ளே நல்ல சட்டங்களிலும் வெள்ளையாகப் பூஞ்சை. ஒரு மூலையில் கரையான் மண் கோடு ஏறியிருந்தது.

தயவுசெய்து வர்ணம் பூசுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். வெட்டுமுகத்தை முகர்ந்து பாருங்கள், தேக்குக்கு எண்ணெய் கலந்த ஒரு வாசனை உண்டு. போல்ட் தலைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு காலையும் முழுப் பலத்தோடு தள்ளிப் பாருங்கள். ஒரு மழைக்காலம் போகும்வரை கடைசிப் பணத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

காண்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. கொட்டேஷன், பணம் அனுப்பிய விவரம், போட்டோக்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிளைவுட்டை நானே பிடுங்கி எறிந்து காற்றோட்டம் விட்டிருக்கிறேன். புதுக் கால்கள் வரும்வரை அம்மாவின் நாற்காலி கூடத்து ஜன்னலோரம்தான்.